பால் கணக்கோடு நேரக் கணக்கும் எழுதுங்கள்

கேள்வி: எனக்கு 36 வயது. திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ஜவுளிக் கடையில் ஏழு வருடமாகச் சேலைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். காலை 9 மணிக்குக் கடைக்குள் இருக்க வேண்டும். இரவு 9 மணிக்கு ஷட்டரை இறக்கினாலும், பிரித்துப் போட்ட சேலைகளை மடித்து அடுக்கிவிட்டுக் கிளம்ப 9.30 ஆகிவிடும். மதியம் சாப்பிட அரை மணி நேரம். வாரத்தில் ஒரு நாள் லீவு உண்டு. ஆடித் தள்ளுபடி, தீபாவளி, பொங்கல் சமயத்தில் அதுவும் கிடையாது. சம்பளம் 12,000 ரூபாய். காலில் நரம்பு சுருண்டு இரவெல்லாம் வலிக்கிறது. கடையில் உட்காரக் கூடாது. கேட்டால், "சேரும்போதே நேரத்துக்குச் சம்மதிச்சுத்தானே கையெழுத்துப் போட்டே" என்கிறார் முதலாளி. என் கணவர் சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆளாக 12 மணி நேர ஷிப்ட் பார்க்கிறார். இதற்கெல்லாம் சட்டம் இருக்கிறதா? கேட்டால் வேலை போய்விடுமா?
- ஒரு வாசகி, நெல்லிக்குப்பம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடலூரில் இருபத்திரண்டு வருடமாகத் தொழிலாளர் வழக்குகள் நடத்துகிறேன். உங்கள் கடிதத்தில் இருப்பதை லாரன்ஸ் ரோட்டுக் கடைகளில் வேலை பார்ப்பவர்களும் சொல்லியிருக்கிறார்கள், முதுநகர்க்காரர்களும் சொல்லியிருக்கிறார்கள். அதனால் உங்களைப் போன்ற மற்றவர்களுக்கும் சேர்த்தே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

சட்டம் இருக்கிறது. அது நேற்று வந்ததும் இல்லை. 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம்தான் உங்கள் கடைக்குப் பொருந்தும். கடையில் வேலை பார்ப்பவருக்கு ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது அதன் கணக்கு. அதற்கு மேல் போனால் ஒவ்வொரு மணிக்கும் இரட்டைக் கூலி. இரட்டைக் கூலி கொடுக்கிறேன் என்றாலும், ஓ.டி. எனப்படும் கூடுதல் நேரத்தையும் சேர்த்து நாளைக்கு 10 மணி நேரத்தையோ வாரத்துக்கு 54 மணி நேரத்தையோ தாண்டக் கூடாது. நான்கு மணி நேரம் வேலை பார்த்தால் குறைந்தது ஒரு மணி நேர ஓய்வு கொடுத்த பிறகுதான் மறுபடி வேலை வாங்கலாம். ஓய்வையும் சேர்த்து, காலையில் கடைக்குள் நுழைந்ததிலிருந்து இரவு வெளியே வரும்வரை 12 மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட வேண்டும். வாரத்தில் ஒரு முழு நாள் விடுமுறை, அந்த நாளுக்குச் சம்பளம் பிடிக்காமல்.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகளை வருடம் முழுக்க, எந்த நேரமும் திறந்து வைக்கலாம் என்று தமிழக அரசு 2019இல் ஓர் ஆணை போட்டது. 2022இல் அதை நீட்டித்தார்கள். உங்கள் முதலாளி இதைக் காட்டிப் பேசக்கூடும். அது கடை திறந்திருப்பதற்கான அனுமதி மட்டும்தான். ஆள் நிற்பதற்கான அனுமதி அல்ல. அந்த ஆணையிலும் 8 மணி, 48 மணிதான். ஓ.டி.யோடு சேர்த்து நாளைக்கு பத்தரை மணி, வாரத்துக்கு 57 மணி என்று உச்சவரம்பு கொஞ்சம் தளர்கிறது, அவ்வளவே. பெண்களைச் சாதாரணமாக இரவு 8 மணிக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. அதற்கு மேல் என்றால் எழுத்துப்பூர்வமான சம்மதமும் போதிய பாதுகாப்பும் வேண்டும். சம்பளமும் ஓ.டி. பணமும் வங்கிக் கணக்கில் போட வேண்டும் என்கிறது அதே ஆணை. எந்த நாளில் யாருக்கு லீவு என்று கடையில் ஒட்டியும் வைக்க வேண்டும்.

இப்போது உங்கள் நாளை எடுத்துக்கொள்வோம். காலை 9 முதல் இரவு 9.30 வரை பன்னிரண்டரை மணி நேரம். அரை மணி சாப்பாட்டைக் கழித்தால் வேலை மட்டும் 12 மணி. ஆறு நாளைக்கு 72 மணி. 54ஐ வைத்துப் பார்த்தாலும் மீறல், 57ஐ வைத்துப் பார்த்தாலும் மீறல். ஷட்டர் இறக்கிய பிறகு சேலை மடிக்கும் அரை மணியை முதலாளி கணக்கில் சேர்க்க மாட்டார். சேர்க்க வேண்டும். நீங்கள் அவர் சொன்ன இடத்தில், அவர் சொன்ன வேலைக்காக நிற்கும் நேரமெல்லாம் வேலை நேரம்தான். காலையில் முன்னதாக வரச் சொல்லிப் பெருக்கித் துடைக்கச் சொன்னால் அதுவும் சேரும். நெல்லிக்குப்பத்திலிருந்து பஸ்ஸில் வரும் நேரம் மட்டும் சேராது.

பணமாகப் பார்ப்போம். 12,000 ரூபாயை 26 நாளால் வகுத்தால் ஒரு நாளைக்கு சுமார் 461 ரூபாய் 54 காசு. அதை எட்டால் வகுத்தால் மணிக்கு 57 ரூபாய் 69 காசு. இரட்டிப்பு 115 ரூபாய் 38 காசு. நீங்கள் நாளைக்கு 4 மணி கூடுதலாகப் பார்க்கிறீர்கள், மாதத்துக்கு 104 மணி. பெருக்கிப் பாருங்கள், 12,000 ரூபாய் வரும். ஒவ்வொரு மாதமும் நீங்கள் வாங்கும் சம்பளத்துக்குச் சமமான இன்னொரு சம்பளம் உங்கள் கைக்கு வராமல் போகிறது. இந்தக் கணக்கை முதன்முதலில் ஒரு கட்சிக்காரருக்காகப் போட்டபோது தப்பாகப் பெருக்கிவிட்டேனோ என்று மறுபடி போட்டுப் பார்த்தேன். தப்பு இல்லை. எட்டு மணிக்குச் சம்பளம், நாலு மணிக்கு இரட்டைக் கூலி என்றால் அதுவும் எட்டு மணிச் சம்பளம்தானே. பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் யாருடைய சம்பளத்தை வைத்துப் போட்டாலும் இதே விடைதான் வரும். லீவு இல்லாத ஆடி மாதத்தையும் தீபாவளி மாதத்தையும் நான் இதில் சேர்க்கவே இல்லை.

அந்த 12,000 ரூபாயே சரியா என்பதையும் பார்க்க வேண்டும். கடைகளுக்கு அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியம் இருக்கிறது. அதில் அகவிலைப்படி ஒவ்வொரு ஏப்ரலிலும் மாறும். ஏழு வருட அனுபவமுள்ளவருக்கு இந்த வருடம் என்ன வர வேண்டும் என்று தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள்.

அப்புறம் அந்தக் கையெழுத்து. அதற்காக நீங்கள் பயப்பட வேண்டாம். சட்டத்தின் வாசகத்தைக் கவனியுங்கள். எட்டு மணிக்கு மேல் ஒருவரிடம் வேலை வாங்கக் கூடாது என்பதோடு அது நிற்கவில்லை. வேலை செய்ய அனுமதிக்கவும் கூடாது என்கிறது. அதாவது நீங்களே விரும்பி வந்து, "நான் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறேன்" என்று சொன்னாலும், ஒப்புக்கொள்ளும் முதலாளிதான் குற்றவாளி. வேலை தேடி நிற்பவர் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடுவார் என்று தெரிந்துதான் சட்டத்தை அப்படி எழுதினார்கள். சட்டம் கொடுத்த பாதுகாப்பை ஒரு வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கிப் பறிக்க முடியாது.

உட்காருவதற்கும் சட்டம் இருக்கிறது என்றால் நம்புவீர்களா? 2021இல் இதே 1947 சட்டத்தில் புதிதாக ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். எல்லாக் கடைகளிலும் பணியாளர்கள் எல்லோருக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலைக்கு நடுவில் வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் உட்கார விட வேண்டும் என்பது அதன் சாரம். அந்த மசோதாவைச் சட்டப்பேரவையில் கொண்டுவந்த அமைச்சர் சி.வெ.கணேசன் நம் மாவட்டத்துத் திட்டக்குடித் தொகுதிக்காரர். ஜவுளிக் கடைப் பெண்களை மனதில் வைத்தே வந்த திருத்தம் அது. அப்படியிருந்தும் நம் ஊர்க் கடைகள் பலவற்றில் வாடிக்கையாளர் உட்காரும் ஸ்டூலைத் தவிர வேறு ஸ்டூல் கிடையாது என்பது எனக்கு மிகவும் வருத்தம்.

கால் வலியைத் தள்ளிப்போடாதீர்கள். சம்பளத்தில் மாதம் 90 ரூபாய் இ.எஸ்.ஐ. என்று, அதாவது தொழிலாளர் காப்பீட்டுக்காக, பிடிக்கிறார்களா பாருங்கள். சம்பளத்தில் முக்கால் சதவீதம் உங்கள் பங்கு, மூன்றேகால் சதவீதம் முதலாளி பங்கு. பிடித்தால் உங்களுக்கு மட்டுமல்ல, குடும்பத்துக்கும் மருத்துவம் கிடைக்கும். டாக்டர் ஓய்வு எடுக்கச் சொன்னால், சந்தா ஒழுங்காகக் கட்டப்பட்டிருக்கும்பட்சத்தில், அந்த நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம் இ.எஸ்.ஐ.யே கொடுக்கும், வருடத்துக்கு 91 நாள் வரை. டாக்டரிடம் போகும்போது தினமும் எத்தனை மணி நேரம் நிற்கிறீர்கள் என்பதைச் சொல்லி, அதைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். கடைகள் சட்டப்படி வருடத்துக்கு 12 நாள் ஈட்டிய விடுப்பு, 12 நாள் தற்செயல் விடுப்பு, 12 நாள் நோய் விடுப்பு, எல்லாம் சம்பளத்தோடு உங்களுக்கு உண்டு. ஏழு வருடத்தில் இதில் ஒரு நாளாவது எடுத்திருக்கிறீர்களா?

கணவர் விஷயத்துக்கு வருகிறேன். தொழிற்சாலைக்குச் சட்டம் வேறு. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் நாளைக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வைத்திருந்தது. 2025 நவம்பர் 21 முதல் மத்திய அரசின் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. பணிப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் பற்றிய தொகுப்பின்படி நாளைக்கு 8 மணி. மேலே போனால் இரட்டைக் கூலி, அதுவும் தொழிலாளியின் சம்மதத்தோடு. கான்ட்ராக்டர் கூலி கொடுக்காவிட்டால் கம்பெனியே கொடுக்க வேண்டும் என்ற பழைய பாதுகாப்பு புதிய தொகுப்பிலும் தொடர்கிறது. "உன் விஷயத்தை கான்ட்ராக்டரிடம் கேள்" என்று கேட்டில் நிறுத்தி அனுப்புவதோடு கம்பெனியின் பொறுப்பு தீராது.

சிப்காட்டில் 12 மணி நேரம் என்பது பணம் சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இல்லை. ரசாயனத் தொழிற்சாலையில் காற்றில் எந்தப் பொருள் எவ்வளவு இருக்கலாம் என்று ஒரு அட்டவணை உண்டு. போபால் விபத்துக்குப் பிறகு, 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தியபோது இந்த அளவுகளைச் சட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்தார்கள். அதில் இருக்கும் முக்கிய அளவு எட்டு மணி நேரச் சராசரி. எட்டு மணி நேரம் சுவாசித்துவிட்டு, மீதி நேரம் வீட்டில் நல்ல காற்றைச் சுவாசித்து உடம்பு தேறும் என்ற அடிப்படையில் போட்ட கணக்கு. பன்னிரண்டு மணி நேரம் உள்ளே இருப்பவருக்கு உள்ளே போகும் அளவும் கூடுகிறது, தேறிக்கொள்ளக் கிடைக்கும் நேரமும் குறைகிறது. அடுத்த ஷிப்டுக்கு மாற்று ஆள் வரவில்லை என்று பதினாறு மணி நேரம் நிற்க வைத்த கதையும் என்னிடம் வந்திருக்கிறது. மீட்டரில் அளவு சரியாக இருக்கிறது என்று கம்பெனி சொன்னால், அந்த அளவு எத்தனை மணி நேரத்துக்கானது என்று உங்கள் கணவர் கேட்கலாம். கேட்பதற்கு அவருக்கு உரிமை இருக்கிறது.

"எங்கும் பன்னிரண்டு மணிதானே வழக்கம்" என்று அவர் உங்களிடம் சொல்லக்கூடும். இங்கிருந்து பாண்டிச்சேரிக்குப் பஸ்ஸில் போகும்போது முதலியார்பேட்டையில் ஏ.எஃப்.டி. மில்லைத் தாண்டித்தானே போகிறோம்? அந்த ஊர் மில்களில் எட்டு மணி நேர வேலை கேட்டு, சங்கம் வைக்க உரிமை கேட்டுத் தொழிலாளர்கள் போராடினார்கள். வ.சுப்பையா போன்ற தொழிற்சங்கத் தலைவர்கள் முன்னால் நின்றார்கள். 1936 ஜூலை 30 அன்று சவானா மில் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சு அரசு துப்பாக்கிச் சூடு நடத்தியதில் 12 பேர் இறந்தார்கள். அடுத்த வருடமே, 1937இல், எட்டு மணி நேர வேலைக்கு வழிசெய்யும் ஆணை பிரெஞ்சிந்தியாவுக்கு வந்தது. நம் பக்கத்துக்கு அந்த 1948 தொழிற்சாலைகள் சட்டம் வருவதற்கு பதினோரு வருடம் முன்பு. எட்டு மணி நேரம் அரை மணிப் பயணத் தூரத்தில் உயிர் கொடுத்து வாங்கப்பட்டது. 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டிலேயே தொழிற்சாலை வேலை நேரத்தை 12 மணி வரை நீட்ட வழிசெய்யும் மசோதா பேரவையில் நிறைவேறியது. சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்ததால், சில நாளிலேயே நிறுத்திவைத்து, மே 1 அன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதல்வர் ஸ்டாலின் அறிவித்தார். அதனால் பன்னிரண்டு மணிதான் வழக்கம் என்று யாராவது சொன்னால், அரசே அதைக் கொண்டுவந்து திரும்ப எடுத்துக்கொண்டது என்று சொல்லுங்கள்.

சரி, கேட்டால் வேலை போய்விடுமா? இதற்கு உங்களுக்கு உண்மையைச் சொல்ல வேண்டும். போகவும் போகலாம். ஆறு மாதத்துக்கு மேல் வேலை பார்த்த ஒருவரைத் தகுந்த காரணம் இல்லாமல், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கான சம்பளமோ கொடுக்காமல் நிறுத்தக் கூடாது என்று கடைகள் சட்டத்தின் 41ஆம் பிரிவு சொல்கிறது. நிறுத்தினால் மேல்முறையீடு உண்டு. அதை ஒரு மாதத்துக்குள் போட்டுவிட வேண்டும். ஆனால் தீர்ப்பு வரும்வரை அடுப்பு எரிய வேண்டுமே. அதனால் நாளைக்கே போய் முதலாளியிடம் சட்டம் பேசாதீர்கள். சட்டம் பேசுவதற்கு முன்னால் கையில் கணக்கு இருக்க வேண்டும்.

என்னிடம் இரண்டு பேர் வந்தார்கள், வேறு வேறு வருடங்களில். ஒருவர் ஒன்பது வருடம் ஒரு கடையில் ஓ.டி. பார்த்தவர். நேர்மையான மனிதர், அவர் சொன்னதெல்லாம் உண்மை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எந்த நாள், எத்தனை மணி வரை என்று கேட்டபோது "தினமும்தான் சார்" என்றார். கடையின் வருகைப் பதிவேட்டில் தினமும் எட்டு மணி நேரம் என்று அழகாக எழுதியிருந்தது. அந்த வழக்கில் நாங்கள் கேட்டதில் பெரும்பகுதி கிடைக்கவில்லை. இன்றும் அது எனக்கு உறுத்தல். இன்னொருவர் ஒரு அம்மா. சமையலறைச் சுவரில் மாட்டியிருந்த மாதக் காலண்டரையே சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு கட்டத்திலும் பால் கணக்கு எழுதியிருந்தார். அரை லிட்டர், ஒரு லிட்டர், அதற்குக் கீழே சின்னதாக 9, 9.40 என்று வந்த நேரம், போன நேரம். இரண்டு வருடம். பால்காரர் ஏமாற்றிவிடக் கூடாது என்று எழுதப் பழகிய கை, அதே பழக்கத்தில் நேரத்தையும் எழுதியிருக்கிறது. அந்தக் காலண்டரை மேசையில் விரித்ததும் எதிர்த்தரப்பு பேச்சுவார்த்தைக்கு வந்தது. அந்த அம்மாவுக்கு வர வேண்டிய பணம் வந்தது.

அதனால் இன்றைக்கே ஆரம்பியுங்கள். தேதி, கடைக்குள் நுழைந்த நேரம், சாப்பிட விட்ட நேரம், வெளியே வந்த நேரம். அன்றன்றைக்கே எழுத வேண்டும். ஒரு வாரத்துக்குச் சேர்த்து ஒரே பேனாவில் எழுதினால் பார்த்தவுடன் தெரிந்துவிடும். இரவு கிளம்பும்போது கணவருக்கு வாட்ஸ்அப்பில் "கிளம்பிட்டேன்" என்று ஒரு வரி அனுப்புங்கள். அந்தச் செய்தியில் நேரம் தானாக விழும். போனை மாற்றினாலும் பழையதைத் தூக்கிப் போடாதீர்கள், அழிக்காதீர்கள். கடைசி பஸ் டிக்கெட் கையில் இருந்தால் அந்தப் பக்கத்திலேயே ஒட்டி வையுங்கள். கணவரும் தன் ஷிப்டை இப்படியே எழுதட்டும். மூன்று மாதக் கணக்கு கையில் சேர்ந்தால் போதும்.

நான் சொன்ன நான்கு தொகுப்புகளில் ஒன்றான ஊதியத் தொகுப்பில் உங்களுக்குச் சாதகமாக இரண்டு விஷயங்கள் உண்டு. வராத கூலியைக் கேட்டு மூன்று வருடத்துக்குள் மனுப் போடலாம். கூலியைக் கொடுத்துவிட்டேன் என்று நிரூபிக்கும் பாரம் முதலாளியின் தலையில். நீங்கள் அத்தனை மணி நேரம் வேலை பார்த்தீர்கள் என்பதைக் காட்டத்தான் உங்கள் நோட்டு.

அதற்குள் உங்களோடு சேலைப் பிரிவில் நிற்கும் மற்றவர்களிடம் பேசுங்கள். புகாரில் ஒரே ஒரு பெயர் இருந்தால் அவரை வெளியே அனுப்புவது சுலபம். எட்டுப் பேர் சேர்ந்து தொழிலாளர் உதவி ஆய்வாளரிடம் போனால், தீபாவளி நெருக்கத்தில் எட்டுப் பேரையும் எந்த முதலாளியும் அனுப்ப மாட்டார். முன்பணம் வாங்கியவர்கள் தயங்குவார்கள், அவர்களை வற்புறுத்த வேண்டாம். புகார் கொடுத்தவர் பெயரை வெளியே சொல்லாமல் சோதனைக்கு வரும்படி அதிகாரியிடம் கேட்கலாம். வந்தால் இரவு ஒன்பதரைக்கு வரச் சொல்லுங்கள். காலை பதினொரு மணிக்கு வந்து பதிவேட்டைப் பார்த்துவிட்டுப் போவதால் ஒன்றும் ஆகாது.

வக்கீல் செலவை நினைத்துத் தயங்காதீர்கள். பெண்களுக்கு வருமான வரம்பு எதுவும் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. கடலூர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு எழுதிக் கொடுத்தால் வழக்கறிஞரை அவர்களே ஏற்பாடு செய்வார்கள். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். போகும்போது வங்கிப் புத்தகம், சம்பளச் சீட்டு இருந்தால் அது, இ.எஸ்.ஐ. அட்டை, டாக்டர் சீட்டு, அந்த நேரக் கணக்கு நோட்டு எல்லாவற்றையும் கொண்டு போங்கள். சேரும்போது கையெழுத்துப் போட்ட காகிதத்தின் நகல் உங்களிடம் இருக்காது. அது முதலாளியிடமே இருக்கட்டும். அதில் 9 முதல் 9 வரை என்று எழுதியிருந்தால், அவரே நமக்கு எழுதிக் கொடுத்த சாட்சி அது.